மோட்டார் கொட்டகை ஓரத்து எலுமிச்சை

பாபு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் நான் உனக்கு எழுதியதில்லை. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நலமில்லாதவர்களை விசாரித்துத்தான் எனக்குப் பழக்கம். நீ நலமாக இருப்பதை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் நீயே சொல்லிவிடுகிறாய். டென்மார்க்கில் குளிர் எப்படி, அரிசி எங்கே கிடைக்கிறது, பக்கத்து அறைக்காரன் என்ன கண்றாவியைச் சமைக்கிறான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. போன ஞாயிறும் பேசினோம். எல்லாம் பேசி முடித்து, வைக்கிறேன் என்று சொல்லப் போகும்போது, "அந்த மோட்டார் கொட்டகை மரத்த வெட்டிட்டியாம்மா?" என்று கேட்டாய். "பாக்கலாம்டா" என்றேன். நீ விமானம் ஏறியதிலிருந்து இதையே கேட்கிறாய், நானும் இதையே சொல்கிறேன். போனில் எனக்கு இதற்கு மேல் வராது. அந்தச் சின்னத் திரையில் உன் முகம் நின்று நின்று அசையும்போது மனதில் இருப்பதைச் சொல்லத் தொடங்கினால், பாதியில் நெட் போய்விடும். மீதியை யாரிடம் சொல்வது? அதனால் எழுதுகிறேன். வேலை நேரத்தில் பிரிக்காதே. அறைக்குப் போய், சாப்பிட்டுவிட்டுப் படி.

நீ கேட்ட அதே கேள்வியை இன்று காலையில் ஜமால் பாய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். கள்ளக்குறிச்சியில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கிறாரே, நம் பழத்தையெல்லாம் எடுப்பவர், அவர்தான். நம் தோப்பை ஒட்டிக் கரும்பு போட்டிருந்த நிலத்தை நீ போன பிறகு வாங்கிவிட்டார். ஊரார் பழத்தை விற்றது போதும், நம்முடைய பழத்தையும் கொஞ்சம் விற்போம் என்று எலுமிச்சை நட்டிருக்கிறார். இன்னும் முழங்கால் உயரம்கூட வரவில்லை. தினமும் காலையில் வந்து ஒவ்வொரு செடியையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கடை திறக்கப் போகிறார். இன்று வேலியோரம் நின்று வெகுநேரம் தொண்டையைச் செருமினார். நானாகப் போய்த்தான் என்ன பாய் என்று கேட்டேன்.

"ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கக் கூடாது நர்சம்மா."

"கேளுங்க."

"இந்த மரம் உங்க புள்ளயோட மருந்து மரம்னு உங்க தோப்புல வேல செய்யற அஞ்சல சொல்லிச்சு. அதான் இத்தினி நாளா வாயத் தொறக்கல. ஆனா ஐப்பசி வந்துகினு இருக்குதுங்க. காத்தும் மழையுமா அடிச்சா, இதுல இருக்கற சொறியெல்லாம் என் செடிங்க மேலதான் வுழும். வரப்போரமா ஒரு செடில லேசா மஞ்சளா தெரியுது. எனக்குத்தான் அப்டித் தெரியுதா இன்னான்னு நீங்க வந்து பாத்து சொல்லுங்க."

நீ விட்டுப்போன லென்ஸை எடுத்துக்கொண்டு போனேன். இலையில் மஞ்சள் வளையம், நடுவில் தடித்துச் சொரசொரப்பான புள்ளி. சந்தேகப்பட இடமே இல்லை. "சொறிதான் பாய்" என்றேன். மனிதர் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலாம். "சரிங்கம்மா, மருந்து மரத்த வெட்டுன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வரல. நீங்களே யோசிச்சு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஒரு இலையை மட்டும் கிள்ளிப் பொட்டலமாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார், வேறெங்கும் விழுந்துவிடக் கூடாதாம்.

ஆக, இது இனி என் தோப்பு விவகாரம் மட்டும் இல்லை. மழை பிடிப்பதற்குள் அந்த மரம் போக வேண்டும். போகாவிட்டால் ஒரு மனிதரின் தோப்பு தொடங்கும்போதே சொறி பிடித்துவிடும். எனக்கு இது தெரியாமலா இருக்கிறது? நோய் எப்படிப் பரவும் என்று மலையிலும் கீழேயும் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிச் சம்பளம் வாங்கியவள் நான். தெரிந்தும் கை வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை உனக்குச் சொல்லித் தீர்த்துவிட்டால் ஒருவேளை வரலாம் என்றுதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன் அப்பா மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஓட்டிய டிராக்டரை விற்றுத்தான் வடக்கனந்தலில் இந்த நிலத்தை வாங்கினார். நட்டது அவர், காய் பறித்தது நான். மரங்கள் முதல் காய் விடுவதற்குள் அவர் போய்விட்டார். அப்போது நீ காலேஜில் இருந்தாய். நான் வேலையில் இருந்தவரை தோப்பு எனக்குப் பொழுதுபோக்கு மாதிரி இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அதுவே பொழுது என்றானது. அந்த நேரம் பார்த்து மரத்துக்குச் சொறி வந்தது. முதலில் இலையில், பிறகு குச்சியில், பிறகு பழத்தில். பழத்தில் வந்துவிட்டால் மண்டியில் அதைத் தனியாக ஒதுக்கித் தள்ளுகிறார்கள். மருந்துக் கடைக்காரன் கொடுத்ததையெல்லாம் அடித்தேன். மயில்துத்தம் கலந்து அடித்தேன். மனிதருக்குப் போடுகிற மாதிரியே மரத்துக்கும் ஒரு ஆன்டிபயாடிக் வந்திருக்கிறது என்றான், அதையும் அடித்தேன். முதல் வருஷம் கேட்டது, அடுத்த வருஷம் கேட்கவில்லை. கண்டதற்கெல்லாம் ஆன்டிபயாடிக் விழுங்காதீர்கள் என்று ஊருக்கு உபதேசம் செய்தவள், மரத்துக்கு அதையே ஊற்றிக்கொண்டிருந்தேன்.

உன்னிடம் ஒருநாள் புலம்பினேன். நீ சென்னையிலிருந்து பஸ் ஏறி வந்து, என்னை ஒரு வார்த்தை விசாரிக்காமல் நேரே தோப்புக்குள் போனாய். இருப்பதிலேயே மோசமான மரம் எது என்று கேட்டாய். மோட்டார் கொட்டகை ஓரத்து மரத்தைக் காட்டினேன். அதன் அடிமண்ணைக் கரண்டியால் தோண்டிப் பையில் போட்டுக்கொண்டாய். நோய் வந்த இலையை எடுத்தால் சரி, மண்ணை எதற்கடா எடுக்கிறாய் என்று கேட்டதற்குத்தான் நீ முதல்முறையாக உன் ஆராய்ச்சி என்னவென்று எனக்கு ஒழுங்காகச் சொன்னாய். இந்தச் சொறிக்குக் காரணம் ஒரு பாக்டீரியா, பாக்டீரியாவுக்கே நோய் கொடுக்கிற வைரஸ் ஒன்று உண்டு, ஃபேஜ் என்று பெயர், அது மனிதரையும் தொடாது, மரத்தையும் தொடாது, தனக்கு வாய்த்த ஒரே ஒரு பாக்டீரியாவைத்தான் தேடிப் பிடித்து உடைக்கும், அந்த பாக்டீரியா எங்கே ஜாஸ்தியாக இருக்கிறதோ அங்கேதான் இதுவும் இருக்கும் என்றாய். அடுத்த முறை வரும்போது ஒரு கண்ணாடித் தட்டு கொண்டுவந்தாய். தட்டு முழுக்க மங்கலாக பாக்டீரியா படர்ந்திருக்க, நடுநடுவே தெளிவான சின்ன வட்டங்கள், கோலமாவைப் பரப்பிய தட்டில் தண்ணீர் சொட்டினாற்போல. "அதெல்லாம் தின்னு தீர்த்த எடம்மா" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நீ பிளஸ் டூ ரிசல்ட் பார்த்த அன்றுகூட நான் பார்த்ததில்லை.

பிறகு நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தெர்மாகோல் பெட்டியில் ஃபேஜ் பாட்டில்களைப் போட்டு, சூடான பஸ்ஸில் வைத்துக்கொண்டு வந்தாய். எனக்கு வந்ததே கோபம். வெள்ளிமலைக்கு மேலே ஒற்றையடிப் பாதையில் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தவளிடம் நீ இப்படிக் கொண்டு வரலாமா? பரண்மேலிருந்து என் பழைய பெட்டியை இறக்கி, ஐஸ் பேக்கை எப்படி அடுக்க வேண்டும், மூடியை எத்தனை குறைவாகத் திறக்க வேண்டும் என்று உனக்குப் பாடம் எடுத்தேன். டாக்டர் பட்டம் வாங்கியவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாய். அந்தப் பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ சொல்லாமலே மருந்தடிக்கிற டேங்கை எடுத்து, என் வழக்கப்படி பிளீச்சிங் பவுடர் போட்டு உள்ளும் புறமும் ஊறவைத்துத் துடைத்து, உனக்காகத் தயாராக வைத்தேன். ஒவ்வொரு முறையும் அப்படியே செய்தேன். மரத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உன் முகம் சுருங்கிக்கொண்டே போனது. ஆராய்ச்சியே தப்பாகிவிட்டது என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவன், ஒரு சாயங்காலம் டேங்கைத் திறந்து மோந்து பார்த்தாய்.

"இன்னாம்மா இது, ஆஸ்பத்திரி வாடை அடிக்குது?"

"சுத்தமா இருக்கட்டுமேன்னு பிளீச்சிங் போட்டுக் கழுவனேன்டா."

நீ தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நீ தேடிப் பிடித்து, வளர்த்து, ஐஸில் வைத்துக் கொண்டுவந்ததையெல்லாம், ஒவ்வொரு தடவையும் நான் டேங்கிலேயே கொன்று போட்டிருக்கிறேன். கிருமி என்றால் கொல்ல வேண்டும் என்றே படித்த எனக்கு, காப்பாற்ற வேண்டிய கிருமி ஒன்று இருக்கிறது என்று என் பிள்ளைதான் வந்து சொல்லிக்கொடுத்தான். ரொம்பவும் சுத்தமாக இருந்துவிடாதே பாபு. அந்த ஊரில் எல்லாமே துடைத்து வைத்ததுபோல இருக்கிறது என்று சொன்னாயே, அதனால் சொல்கிறேன். நாலு பேர் வந்து போகிற மாதிரி அறையைக் கொஞ்சம் அழுக்காக வைத்துக்கொள். பக்கத்து அறைக்காரனின் சமையலையும் ஒருநாள் சாப்பிட்டுப் பார்.

அதற்குப் பிறகுதான் பால் பவுடர் வந்தது. வெயில் பட்டால் ஃபேஜ் செத்துவிடும், அதனால் பொழுது சாயும்போதுதான் அடிக்க வேண்டும், கொழுப்பெடுத்த பால் பவுடரும் சர்க்கரையும் கலந்தால் இலையில் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும் என்றாய். நீ டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு பால் அடித்துக்கொண்டே போக, நானும் அஞ்சலையும் பின்னால் நோய் பிடித்த குச்சிகளை வெட்டி எடுத்துக்கொண்டே போனோம். தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "நர்சம்மா தோப்புல எந்த மரம் செத்துச்சு, பால் தெளிக்கிறாங்க?" என்று ஒருத்தன் கேட்டான். அஞ்சலைக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த குச்சியாலேயே அடிக்கப் போனாள். அவள்தான் உன்னிடம் ஒரு நல்ல கேள்வி கேட்டாள். "மருந்து அந்த மரத்தடியிலதானே இருக்குது தம்பி, அப்புறம் அந்த மரத்துக்கே ஏன் நோவு?" என்றாள். மண்ணில் இருப்பது தானாக இலைக்கு ஏறாது, நாம்தான் எடுத்து ஏற்ற வேண்டும் என்று அவளுக்குச் சொன்னாய்.

அடுத்து வந்த தளிர் சுத்தமாக வந்தது. எல்லாம் ஒரேயடியாகப் போய்விடவில்லை, ஆனால் புள்ளி கம்மியாகிக்கொண்டே வந்தது, பழம் மறுபடி பளபளப்பாக மண்டிக்குப் போனது. அந்தக் காலம்தான் பாபு, என் வாழ்க்கையிலேயே நான் நன்றாக இருந்த காலம். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமை விடியும்போது, "உளுந்தூர்பேட்டை வந்துட்டேன்மா" என்று போன் செய்வாய். நான் எழுந்து அரிசி களைவேன். நீ கள்ளக்குறிச்சியில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கு வரும்போது குழம்பு இறக்கியிருப்பேன். சாப்பிட்டுவிட்டு இலை எண்ணப் போவோம். நீ புள்ளியை எண்ணிச் சொல்வாய், நான் குறித்துக்கொள்வேன். நடுவில் கல்லூரிக் கதை, உன் புரொபசரின் கஞ்சத்தனம், நீ யாரிடமோ மனதைப் பறிகொடுத்து அது கைகூடாமல் போன கதை, எல்லாம் இலைக்கு இலை நடுவில் தானாக வந்து விழும். உன் அப்பா இருந்தபோதுகூட இந்த வீட்டில் இவ்வளவு பேச்சு இருந்ததில்லை.

ஒருநாள் நான் கேட்டேன், நோய் முழுக்கப் போய்விட்டால் அந்த ஃபேஜ் என்ன ஆகும் என்று. நீ இலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சாப்பாடு தீந்துட்டா அதுவும் போயிடும்மா. அந்த பாக்டீரியா இருக்கற வரைக்கும்தான் அது இருக்கும்" என்றாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் நானும் ஒரு கணக்கைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். புள்ளி குறையக் குறைய நீ வருவதும் குறைந்துகொண்டிருந்தது. இரண்டு வாரம் மாதமாயிற்று, மாதம் மழைக்கு முன்னும் பின்னும் என்றாயிற்று. தோப்பு நன்றாக இருக்கிறது என்று நான் போனில் சொன்னால், "சூப்பர்மா, அப்போ இந்த தடவ வரல" என்பாய். அதற்கப்புறம் ஒரு சாயங்காலம், அஞ்சலை மோட்டார் கொட்டகை மரத்துக்குப் பால் அடிக்கப் போனபோது, "அதுக்கு வேணாம் அஞ்சல, அது மருந்து மரம், அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். மருந்து எப்போதோ உன் பாட்டிலுக்குள் ஏறிவிட்டது. எனக்கு அது தெரியும். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அடுத்த முறை போனில் நீ கேட்டபோது, "அந்த மரத்துல இன்னும் புள்ளி இருக்குதுடா" என்றேன். பொய் இல்லை. நீ வந்தாய்.

சின்ன வயதில் உனக்கு அடிக்கடி வயிறு வலிக்கும், நினைவிருக்கிறதா? நான் மலைக்கு ஊசி போடப் போகிற நாளாகப் பார்த்து வலிக்கும். புடவை மடிப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு சுருண்டு படுப்பாய். வயிற்றை அமுக்கிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. நான் நர்ஸ் ஆயிற்றே, என்னை ஏமாற்ற முடியுமா? "நடிக்காதடா" என்று உன் கையை எடுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுவேன். அங்கே ஊரார் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் ஊசிக்குப் பயந்து ஓடும். இங்கே என் பிள்ளை நான் வேண்டும் என்று அழுதுகொண்டிருப்பான். வயிறு வலிக்கவில்லை என்பதைத்தான் நான் கண்டுபிடித்தேன். வலி வேறு இடத்தில் இருந்தது. இப்போது இந்தக் கிழவி ஒரு மரத்தை வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்கிறாள், சிரித்துக்கொள்.

உனக்கும் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். வெளிநாடு போவதற்கு முன் கடைசியாக வந்தபோது, அந்த மரத்தின் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "இதுக்கு மட்டும் மருந்தே படலையேம்மா" என்றாய். "காத்து அடிச்சிருக்கும்" என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். நான் செடி பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ நடிக்காதே என்று சொல்லவில்லை. லென்ஸை எடுத்து, ஒன்றுக்கும் உதவாத அந்த இலைகளை ஒவ்வொன்றாக எண்ணினாய், நான் குறித்துக்கொண்டேன். இருட்டுகிற வரைக்கும் எண்ணினோம். என்னைவிட நீ நல்ல நர்ஸ் பாபு. சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

நீ போன பிறகு இங்கே பேச்சு குறைந்துவிட்டது. அஞ்சலை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய்விடுவாள். டிவியைப் போட்டு வைத்துக்கொண்டு வேறெதையோ பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருவருக்கு மட்டும் குழம்பு வைக்க எனக்கு இன்னும் கை அளவு பிடிபடவில்லை. வைத்தால் இரண்டு நாளைக்கு ஓடுகிறது. சனிக்கிழமை விடியும்போது விழிப்பு மட்டும் வந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தனியாக இருக்கிறது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் நீ இந்த ஊரைப் பற்றிக் கேட்கிற ஒரே கேள்வி அந்த மரம்தான். அதையும் வெட்டிவிட்டால் நீ எதைக் கேட்பாய் என்று எனக்குப் பயமாக இருந்தது. அதைத்தான் இத்தனை பக்கமாகச் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அஞ்சலை வந்துவிட்டாள். பிறகு எழுதுகிறேன்.

புதன்கிழமை. பாபு, மரத்தை வெட்டிவிட்டேன்.

நேற்று எழுதி வைத்துவிட்டுத் தோப்புக்குப் போனபோது, கல்வராயன் மலைப் பக்கம் மேகம் இறங்கி நின்றது. ஜமால் பாய் மடித்துக் கொடுத்த அந்தப் பொட்டலம் ஜன்னலில் அப்படியே இருந்தது. ஒரு வியாபாரி, தன் செடிக்கு வந்த நோயைக் காகிதத்தில் மடித்து, அடுத்தவர் செடியில் விழாமல் கொண்டுவந்து கொடுக்கிறார். நர்ஸ் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கிய நான் நோயை வேலியோரத்தில் நட்டு வைத்துக்கொண்டிருக்கிறேன். இலை காய்ந்திருக்கும்போதே வெட்டிவிட வேண்டும், ஈரத்தில் வெட்டினால் இன்னும் பரவும் என்று நீ சொன்னது வேறு ஞாபகம் வந்தது. காலையில் முதல் வேலையாக அஞ்சலையைக் கத்தி எடுக்கச் சொன்னேன்.

"காய்ச்சிகினு இருக்கற மரத்துல நான் கத்தி வைக்க மாட்டேம்மா. எனக்கும் புள்ளைங்க இருக்குது" என்றாள்.

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. சரி என்று இரண்டு பேருமாகக் காயையெல்லாம் பறித்தோம். பிஞ்சைக்கூட விடவில்லை. எல்லாம் சொறி விழுந்த காய், விற்கவும் முடியாது, ஊறுகாய்க்கும் ஆகாது. பக்கத்திலேயே குழி எடுத்து அதில் போட்டோம். காய் தீர்ந்த பிறகும் முதல் வெட்டு நான்தான் போட வேண்டும் என்று தள்ளி நின்றுவிட்டாள். அதற்குள் வழக்கம்போல் தன் செடியைப் பார்க்க வந்த ஜமால் பாய், இதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"நில்லுங்க நர்சம்மா, மருந்து மரம் ஆச்சே, புள்ள கோச்சிக்காதா?"

"இது மருந்து மரம் இல்ல பாய். மருந்து எப்பவோ பாட்டிலுக்குப் போயிடுச்சு. நான்தான் வெட்டாம வெச்சிருந்தேன்."

"இன்னாத்துக்கு?"

"இதுல நோவு இருந்தா புள்ள வருவான்னு."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது, யாரிடமும் சொல்லாததை மண்டிக்காரரிடம் சொல்லிவிட்டோமே என்று. அவர் குழியில் கிடந்த காயைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "என் புள்ள ஒரே வூட்ல இருக்கான். நான் எந்திரிக்கசொல்ல தூங்கறான், நான் தூங்கசொல்ல போன் பாத்துகினு இருக்கான். நீங்க வாரத்துக்கு ஒரு வாட்டி பேசறீங்க. என்னவிட நீங்கதாம்மா ஜாஸ்தி." அஞ்சலை சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சிரித்த கையோடு முதல் வெட்டைப் போட்டேன். இரண்டு வெட்டுக்கு மேல் என்னால் முடியவில்லை. மிச்சத்தை அவர்தான் வெட்டினார், சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு. எதையும் மற்ற மரங்களுக்கு நடுவே இழுத்துக்கொண்டு போகாமல், அங்கேயே குழியில் போட்டுக் கொளுத்தினோம். வேரையும் தோண்டி எடுத்தாயிற்று. பச்சை எலுமிச்சை எரிகிற வாசனை மதியம் வரைக்கும் வீடு முழுக்க இருந்தது. நான் கொஞ்சம் அழுதேன். புகை என்று சொன்னேன், யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் செய்துவிட்டேன். நீ விட்டுப்போன கடைசி ஃபேஜ் பாட்டில் பிரிட்ஜில் இருந்ததல்லவா? நீ ஒட்டிய சீட்டில் உன் கையெழுத்து இருக்கிறது என்பதற்காகவே அதை அந்த இடத்திலிருந்து நகர்த்தாமல் வைத்திருந்தேன். கரண்ட் போகும்போதெல்லாம் ஐஸ் பேக் சுற்றிக் காப்பாற்றினேன். அதை எடுத்து ஜமால் பாயிடம் கொடுத்தேன். பொழுது சாய்ந்ததும் பால் பவுடர் கலந்து, அவர் செடிகளுக்கெல்லாம் நானே கூட நின்று அடிக்க வைத்தேன். டேங்கை வெறும் தண்ணீரில்தான் கழுவ வேண்டும், சோப்பு போட்டால் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டினேன். அவர் இலைக்கு மேலேயும் கீழேயும் பார்த்துப் பார்த்து அடித்தார். பிடிக்குமா, பிழைக்குமா, தெரியாது. மழைக்குப் பிறகு வருகிற தளிரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கவலைப்படாதே.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்பாய், வெட்டிட்டியாம்மா என்று. வெட்டிட்டேன் என்பேன். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பேச ஒன்றும் இருக்காது. பரவாயில்லை, போனை உடனே வைத்துவிடாதே. சும்மா இரண்டு பேரும் இருப்போம்.

இந்தத் தோப்பில் இனி உனக்கு எண்ண இலை இல்லை, எடுக்க மண் இல்லை, பிரிட்ஜில் பாட்டில் இல்லை. பொய் சொல்லக்கூட என்னிடம் ஒரு மரம் இல்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது பாபு. ஒரு வேலையும் இல்லாமல் ஒரு தடவை வாடா.

அம்மா